டெம்ப்ஸ்டர் மில்: கிடங்கில் முடங்கிக் கிடந்த மதிப்பு

மொத்தம் 60,146 பங்குகள். ஒரு பங்கு 30.25 டாலர். பெருக்கிப் பார்த்தால் முழுக் கம்பெனியும் 18.19 லட்சம் டாலர். 1961 ஆகஸ்டில் வாரன் பஃபெட் நடத்திவந்த முதலீட்டுக் கூட்டாண்மை பங்குக்கு இந்த 30.25 டாலர் கொடுத்துத்தான் டெம்ப்ஸ்டர் மில் மேனுஃபேக்சரிங் கம்பெனியின் பங்குகளை மொத்தமாக வாங்கிப் பெரும்பான்மையைப் பிடித்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் என்ற சிறிய ஊரில் இருந்த கம்பெனி அது. காற்றாலை, தண்ணீர் பம்பு, கிணற்றுச் சாமான்கள், விவசாயக் கருவிகள் செய்து விற்றது. ஆண்டு விற்பனை சுமார் 90 லட்சம் டாலர். லாபம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

மிகச் சிறிய கம்பெனிகளில் மதிப்பு முதலீடு (உண்மை மதிப்புக்குக் கீழே கிடைப்பதை வாங்குவது) செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் நிகழ்வு இதுதான். பஃபெட்டின் பெரிய வெற்றிகளில் இது வராது. ஆனால் மலிவான பங்கு ஒன்றை வாங்கிய பிறகு என்னவெல்லாம் நடக்கலாம், மதிப்பு எந்த வழியாகக் கைக்கு வருகிறது, வராமல் போனால் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் கணக்கு வேறு எனக்குக் கிடைக்கவில்லை. தன் கூட்டாளிகளுக்கு எழுதிய கடிதங்களிலேயே இரண்டு ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட்டையும் (சொத்து, கடன் பட்டியல்) பஃபெட் வரிவரியாகக் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

ஏன் அவ்வளவு மலிவு

முதல் பங்குகளை பஃபெட் 1956-ல் வாங்கினார். மிகக் குறைந்த விலையாக 16 டாலருக்கும் வாங்கியிருக்கிறார். அப்போதே நடைமுறை மூலதனம் (நடப்புச் சொத்தில் கடன் போக மிச்சம்) மட்டும் விலையைப் போல் பல மடங்கு இருந்தது. அவருடைய ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: நடப்புச் சொத்துகளை (ரொக்கம், வரவேண்டிய பாக்கி, சரக்கு போன்றவை) கூட்டு, மொத்தக் கடனையும் கழி, மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே பங்கு விற்றால் வாங்கு. ஆலை, நிலம், இயந்திரம் எல்லாம் இனாம்.

இப்படிப்பட்ட விலைகள் பெரிய கம்பெனிகளில் அரிதாகத்தான் வரும். மிகச் சிறிய கம்பெனிகளில் வருவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. பெரிய ஃபண்டுகள் வாங்க நினைத்தாலும் போதுமான பங்குகள் கிடைக்காது. ஆய்வாளர்கள் அறிக்கை எழுத மாட்டார்கள். சில நாட்களில் ஒரு பங்குகூடக் கைமாறாது. விற்க நினைக்கிறவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். இதெல்லாம் மலிவுக்கான நல்ல காரணங்கள். அதாவது கம்பெனியின் உள்நிலைக்குச் சம்பந்தமில்லாதவை. ஆனால் டெம்ப்ஸ்டரில் கெட்ட காரணமும் இருந்தது. பத்து ஆண்டுகளாக விற்பனை அசையவில்லை, சரக்கு சுழலவில்லை, போட்ட மூலதனத்துக்குப் பார்த்தால் லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். சந்தை இந்தப் பங்கை மறந்துவிட்டது என்பது பாதி உண்மைதான். தெரிந்தே ஒதுக்கியது என்பது மீதிப் பாதி.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சின்னப் பங்குகளை வாங்குவது எனக்குக் கவலை தரும் விஷயம். "புத்தக மதிப்பில் பாதிக்குக் கிடைக்கிறது" என்ற ஒரே வரியோடு முடிவு எடுப்பவர்கள் நிறையப் பேர். புத்தக மதிப்பு என்றால் கணக்குப் புத்தகப்படி சொத்தில் கடன் போக மிஞ்சுவது. யாரும் கவனிக்காததால் பாதி விலையா, கவனித்துப் பார்த்ததால் பாதி விலையா என்பது கேட்கப்படாமலே போகிறது.

கணக்கை உரித்துப் பார்ப்பது

1961 நவம்பர் 30 நிலவரம். புத்தகத்தில் உள்ள தொகையும், அதற்கு பஃபெட் கொடுத்த மதிப்பும் (லட்சம் டாலரில்):

ரொக்கம்: 1.66. முழுவதுமாக 1.66.
வரவேண்டிய பாக்கி: 10.40. இதில் 85 சதவீதம், 8.84.
சரக்கிருப்பு: 42.03. இதில் 60 சதவீதம், 25.22.
முன்கூட்டிக் கொடுத்த செலவுகள்: 0.82. இதில் 25 சதவீதம், 0.21.
காப்பீட்டின் ரொக்க மதிப்பு முதலியவை: 0.45. அப்படியே 0.45.
ஆலை, இயந்திரம்: 13.83. ஏலத்தில் விட்டால் தேறுவது, 8.00.

மொத்தச் சொத்து புத்தகத்தில் 69.19 லட்சம், அவர் கணக்கில் 44.38 லட்சம். கடன்கள் 23.18 லட்சம், கடனுக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் தள்ளுபடி கிடையாது. ஆக, புத்தக நிகர மதிப்பு 46.01 லட்சம், பங்குக்கு 76.50 டாலர். பஃபெட்டின் நிகர மதிப்பு 21.20 லட்சம், பங்குக்கு 35.25 டாலர்.

76.50 எங்கே, 35.25 எங்கே! பாதிக்கும் கீழே. நிறையப் பேர் முதல் எண்ணைப் பார்த்து "30 டாலருக்கு 76 டாலர் சொத்து" என்று மகிழ்ந்திருப்பார்கள். பஃபெட் பார்த்தது, 30 டாலருக்கு 35 டாலர். அவர் கண்ணுக்குத் தெரிந்த பாதுகாப்பு இடைவெளி, அதாவது விலைக்கும் மதிப்புக்கும் நடுவே உள்ள தூரம், மிக மெல்லியதுதான்.

ஒவ்வொரு வரிக்கும் அவர் வைத்த சதவீதங்களை ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன்பட்டிருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்து 85 என்பது 95 ஆகலாம், 60 ஆகலாம். கவனிக்க வேண்டியது வேறு: எந்த வரி முழுக் கதையையும் சுமக்கிறது? டெம்ப்ஸ்டரில் அது சரக்கிருப்பு. நடப்புச் சொத்து 54.91 லட்சத்தில் 42.03 லட்சம் சரக்கு, அதாவது முக்கால் பங்குக்கு மேல். சரக்கை எடுத்துவிட்டால் நடப்புச் சொத்தில் மிச்சம் 12.88 லட்சம். அதை வைத்து 23.18 லட்சம் கடனை அடைக்க முடியாது. 10 லட்சத்துக்கு மேல் துண்டு விழும்.

கிரஹாம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 54.91-இலிருந்து 23.18 போனால் 31.73 லட்சம். பங்குக்கு 52.76 டாலர். அதில் மூன்றில் இரண்டு 35.17. தற்செயலாக பஃபெட்டின் 35.25-க்கு ஒட்டியே வருகிறது. 30.25 டாலர் விலை இந்தச் சல்லடையில் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் சல்லடைக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: அந்த 52.76 டாலரில் சரக்கின் பங்கு கிட்டத்தட்ட 70 டாலர். மீதி எல்லாம் சேர்ந்து மைனஸ்.

இப்போது சரக்குக்கான சதவீதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பத்து சதவீதம் என்றால் 4.2 லட்சம் டாலர், பங்குக்கு 7 டாலர். 60-க்குப் பதில் 50 தேறினால் பங்கு மதிப்பு 28.26. 40 தேறினால் 21.27. பெரும்பான்மை வாங்கி முடித்தபோது பஃபெட்டின் சராசரி அடக்கவிலை சுமார் 28 டாலர். அதாவது, கிடங்கில் கிடக்கும் கருவிகளும் உதிரிபாகங்களும் பாதி விலைக்குத் தேறினால் போட்ட பணம் திரும்பும். அதற்குக் கீழே போனால் நஷ்டம். பத்து ஆண்டுகளாகச் சரியாக நகராத சரக்குக்கு இந்த அனுமானம் சாதாரணமானதல்ல. 90 லட்சம் விற்பனைக்கு 42 லட்சம் சரக்கு என்றால், அடக்கவிலையில் பார்த்தால் அரை ஆண்டுக்கு மேல் விற்க வேண்டிய பொருள் எப்போதும் தரையில் கிடக்கிறது என்று பொருள். அதில் எது இன்னும் விவசாயிக்குத் தேவைப்படுவது, எது தேவைப்படாதது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஒரே பங்கில் அவருடைய கூட்டாண்மையின் மொத்தப் பணத்தில் சுமார் 21 சதவீதம் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உள்ளே இருந்தும் ஒன்றும் நகரவில்லை

பங்கு வாங்க ஆரம்பித்து ஓரிரு ஆண்டுகளிலேயே பஃபெட் டெம்ப்ஸ்டரின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்துவிட்டார். கூட்டங்களுக்குப் போனார், கணக்குகளைப் பார்த்தார். விலை மலிவாகவே இருந்தது, கம்பெனியும் அப்படியே இருந்தது. இந்த ஆண்டுகளைப் பலரும் ஒரே வரியில் தாண்டிப் போவார்கள். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. உலகத்திலேயே கூர்மையான முதலீட்டாளர் ஒருவர், பெரிய பங்குதாரராக, இயக்குநராக உள்ளே இருந்தும், சரக்கில் அடைபட்ட பணம் தானாக வெளியே வரவில்லை.

1961 ஆகஸ்டில் பெரும்பான்மை கைக்கு வந்தது. கூட்டாண்மையிடம் நேரடியாக 70 சதவீதம், நெருங்கியவர்களிடம் இன்னொரு 10 சதவீதம். அப்போதும் அவர் பழைய நிர்வாகத்தை மாற்றவில்லை. மூலதனத்தை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள், செலவைக் குறையுங்கள், லாப விகிதத்தைக் கூட்டுங்கள் என்று அவர்களோடு சேர்ந்தே முயன்றார். சரி சரி என்று தலையாட்டினார்கள், காரியம் நடக்கவில்லை. சுமார் ஆறு மாதம் இப்படிப் போன பிறகு, அவர்களால் முடியவில்லையா அல்லது மனம் இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், ஆளை மாற்றியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த ஆறு மாதத்தில் நிலைமை எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு மேலே உள்ள கணக்கே சாட்சி. கையில் ரொக்கம் 1.66 லட்சம், கடன் நோட்டுகள் (எழுதிக்கொடுத்து வாங்கிய கடன்) மட்டும் 12.30 லட்சம். கடன் கொடுத்தவர் பொறுமை இழந்தால் சரக்கை அவசரத்தில் விற்க வேண்டிவரும். அவசர விற்பனையில் 60 சதவீதம் கிடைக்காது. அப்படிப் போயிருந்தால் 35.25 என்பது காகிதத்தில் மட்டுமே நின்றிருக்கும். சொத்தை வைத்து மதிப்புப் போடும்போது நேரம் நம் பக்கம் இருக்கிறதா, கடன்காரர் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியம் இதனால்தான்.

ஹாரி பாட்டில் வந்த ஆண்டு

நண்பர் சார்லி மங்கர் மூலமாக ஹாரி பாட்டில் என்ற நிர்வாகியைப் பற்றி பஃபெட்டுக்குத் தெரியவந்தது. 1962 ஏப்ரல் 17 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சந்தித்தார்கள். ஏப்ரல் 23 அன்று ஹாரி பியாட்ரிஸில் வேலையில் இருந்தார். நடுவில் ஆறே நாட்கள்.

அடுத்து அவர் செய்தது எல்லாமே வெளியே சொன்னால் சாதாரணமாகத் தோன்றும் வேலைகள். நிர்வாகம், விற்பனைச் செலவு மாதம் 1.5 லட்சம் டாலராக இருந்தது. பாதியாக, 75 ஆயிரமாகக் குறைந்தது. ஆலையின் மறைமுகச் செலவு, ஒரு மணி நேர நேரடி உழைப்புக்கு 6 டாலராக இருந்தது 4.50 ஆனது. நஷ்டத்தில் ஓடிய ஐந்து கிளைகளை மூடிவிட்டு, அங்கெல்லாம் விநியோகஸ்தர்களை வைத்தார்கள். பிறரிடம் வாங்கி விற்ற பொருள்களில் நிறையப் பணம் மாட்டியிருந்தது, லாபம் இல்லை, அவை நிறுத்தப்பட்டன. கொலம்பஸ் என்ற ஊரில் தலைவலியாக இருந்த துணை ஆலை ஒழுங்குக்கு வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது உதிரிபாகங்கள். டெம்ப்ஸ்டரின் பழைய இயந்திரங்கள் பண்ணைகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கான பாகங்களை வேறு யாரிடமும் வாங்க முடியாது. ஆனாலும் கம்பெனி அவற்றை மற்றச் சாமான்களைப் போலவே விலைபோட்டு விற்றுவந்தது. விலையைத் திருத்தினார்கள். விற்பனை அளவு ஏறக்குறைய குறையவே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கூடுதல் லாபம் வரும் என்று மதிப்பிட்டார்கள். முழுக் கம்பெனிக்கும் 18 லட்சம் என்ற கணக்கில் பங்கு வாங்கியவருக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள். இந்த 2 லட்சம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இல்லை. எந்தச் சல்லடையிலும் விழாது. பொருள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "இதை வேறு யார் விற்கிறார்கள்?" என்று கேட்டவருக்கு மட்டுமே கிடைத்தது. சிறிய கம்பெனிகளில் இப்படி யாரும் கேட்காமல் விட்ட கேள்விகள் நிறைய இருக்கும். அவற்றின் கவர்ச்சியே அங்கேதான் என்பேன்.

கிடங்கைப் பற்றி வாழ்க்கை வரலாறுகளில் ஒரு சம்பவம் வருகிறது. ஹாரி கிடங்குச் சுவரில் பத்தடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போடச் சொன்னாராம். சரக்கு அந்தக் கோட்டுக்கு மேலே தெரிந்தால், சரக்கு அனுப்பும் பிரிவைத் தவிர மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றாராம். பிறகு கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாராம். பேலன்ஸ் ஷீட்டில் 42.03 என்று இருந்த எண் நடைமுறையில் இப்படித்தான் குறைந்தது.

1962 நவம்பர் 30 கணக்கைப் பாருங்கள். சரக்கிருப்பு 42.03 லட்சத்திலிருந்து 16.34 லட்சம். கடன் நோட்டுகள் 12.30 லட்சத்திலிருந்து பூஜ்யம். மற்றக் கடன்களையும் சேர்த்து 23.18 லட்சமாக இருந்தது இப்போது வெறும் 3.46 லட்சம். முன்பு இல்லாத ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறது: வேறு கம்பெனிகளின் பங்குகள் முதலான விற்கத்தக்க முதலீடுகள், 7.58 லட்சம். கிடங்கிலிருந்து வெளியே வந்த பணத்தில் கடனை அடைத்து, மீதியை பஃபெட் தனக்குத் தெரிந்த இடத்தில் போட்டிருக்கிறார்.

இங்கேதான் பலர் தடுமாறும் இடம் வருகிறது. இந்த ஒரு ஆண்டில் டெம்ப்ஸ்டரின் புத்தக மதிப்பு ஏறவில்லை, இறங்கியது. 46.01 லட்சம் 40.77 லட்சமானது. 5 லட்சத்துக்கு மேல் காணாமல் போனது. புத்தக மதிப்பை மட்டும் பின்தொடர்ந்தவர் "கம்பெனி மோசமாகிவிட்டது" என்று விற்றிருப்பார். ஆனால் பஃபெட் அதே பழைய அளவுகோலால், பாக்கிக்கு 85, சரக்குக்கு 60 என்றே அளந்தபோது நிகர மதிப்பு 21.20 லட்சத்திலிருந்து 31.25 லட்சமாக உயர்ந்திருந்தது. ஹாரிக்கு 2,000 பங்குகள் வாங்கும் உரிமை கொடுத்திருந்தார்கள். அதையும் கணக்கில் சேர்த்துப் பங்குக்கு 51.26 டாலர்.

இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் போனதற்குக் காரணம் எளிது. 60 சதவீதம்தான் தேறும் என்று வைத்திருந்த சரக்கு, முழு மதிப்புள்ள ரொக்கமாகவும் அடைத்த கடனாகவும் மாறியது. புத்தகத்தில் 100 என்று எழுதியிருந்த பொருளை 80-க்கு விற்றால் கணக்கர் 20 நஷ்டம் எழுதுவார். 60 என்று வைத்திருந்தவருக்கு 20 லாபம். இரண்டு பேரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

பஃபெட் எழுதாத ஒரு கணக்கை நான் சேர்க்கிறேன். 1961-ல் சரக்கின் தேறுமதிப்பு பத்து சதவீதம் தவறினால் பங்குக்கு 7 டாலர் அடி என்று பார்த்தோம். 1962 முடிவில் அதே தவறுக்கு அடி 2.60 டாலர் சொச்சம்தான். இன்னும் கடுமையாகப் பார்ப்போம்: மிச்சமிருக்கும் சரக்கு முழுவதும் குப்பை, ஒரு காசு தேறாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பங்கு மதிப்பு சுமார் 35.48 டாலர். ஒரு ஆண்டு முன்பு சரக்கை 60 சதவீதத்துக்கு நம்பி வந்த மதிப்பு 35.25. அதாவது, பன்னிரண்டே மாதத்தில் நம்பிக்கையை வைத்துச் சொன்ன எண், நம்பிக்கையே தேவைப்படாத எண்ணாகிவிட்டது. 35 டாலர் 51 ஆனதைவிட எனக்கு இது பெரிய சாதனையாகத் தெரிகிறது. மதிப்பு கூடியது ஒரு பக்கம். அந்த மதிப்பில் இருந்த சந்தேகம் கரைந்தது இன்னொரு பக்கம்.

முடிவும் அந்த ஊரும்

1963 ஜூன் 30 நிலவரப்படி ஒமாஹா நேஷனல் பேங்க்கில் டெம்ப்ஸ்டருக்குச் சொந்தமான ஒரு சின்ன லாக்கரில் 20,28,415.25 டாலர் மதிப்புள்ள முதலீடுகள் இருந்தன. கூட்டாண்மையின் 71.7 சதவீதப் பங்குக்கு அதில் 14,54,373.70 டாலர் வரும். அந்தப் பங்குகளை வாங்க ஆன மொத்தச் செலவு 12,62,577.27 டாலர். லாக்கரே முதலீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆலை, மிச்சச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, உதிரிபாக வியாபாரம் எல்லாம் அதற்கு மேல் லாபம். அந்த ஆண்டே இயங்கும் தொழிலை ஏறக்குறையப் புத்தக மதிப்புக்கு விற்றுவிட்டார்கள்.

ஆனால் கணக்கில் வராத ஒன்றும் நடந்தது. டெம்ப்ஸ்டர் அந்த ஊருக்கே பெரிய முதலாளி. ஹாரியின் சிக்கனத்தில் பலர் வேலை இழந்தார்கள். கம்பெனி விற்பனைக்கு வருகிறது, வாங்குகிறவர் ஆலையை வேறெங்காவது கொண்டுபோய்விடலாம் என்றதும் ஊர் கொதித்தது. ஊரார் சேர்ந்து பணம் திரட்டி, ஆலை பியாட்ரிஸிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். புதிய உரிமையாளர்களின் கீழ் அது பல பத்தாண்டுகள் ஓடியது. ஒரு ஊரே தன்னை வெறுக்கும் நிலை பஃபெட்டை உலுக்கியது. இனி இப்படி ஒன்றில் இறங்குவதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

நான் இதில் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறேன். 1961-ல் இருந்த நிலையிலேயே விட்டிருந்தால் கடன் அழுத்தி முழு ஆலையும் போயிருக்க வாய்ப்புண்டு. அப்போது எல்லோருக்கும் வேலை போயிருக்கும். ஆனாலும், சிறிய கம்பெனியில் "மூலதனத்தை விடுவிப்பது" என்று நாம் எழுதும் சொற்களுக்குப் பின்னால் பெயர் தெரிந்த, முகம் தெரிந்த மனிதர்களின் சம்பளம் இருக்கிறது. பெரிய கம்பெனியில் அது ஒரு எண்ணாக மறைந்துவிடும். சிறிய கம்பெனியில் மறையாது. இந்த வகை முதலீட்டை விரும்புகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

டெம்ப்ஸ்டர் முடியும் தறுவாயில், 1962 டிசம்பரில், பஃபெட் அதே மாதிரி இன்னொரு பங்கை வாங்க ஆரம்பித்தார். விலை 7.50 டாலர், நடைமுறை மூலதனம் பங்குக்கு 10.25 டாலர், புத்தக மதிப்பு 20.20 டாலர். அது பெர்க்ஷயர் ஹாத்வே என்ற துணி ஆலை. ஆரம்பக் கணக்கு டெம்ப்ஸ்டரைப் போலவே கவர்ச்சிதான். ஆனால் அங்கே துணித் தொழிலை 1985 வரை மூடவில்லை. கடைசி இழுப்புக்காகப் பொறுக்கிய சுருட்டுத் துண்டு என்று அந்த வாங்கலைப் பற்றி அவரே பின்னாளில் எழுதினார். சொத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் மலிவாக வாங்கியவைதான். ஒன்றில் தொழிலில் அடைபட்ட பணம் இரண்டே ஆண்டில் முழுதாக வெளியே வந்து கதை முடிந்தது. இன்னொன்றில் மோசமான தொழிலோடு இருபது ஆண்டுக்கு மேல் கட்டுண்டு கிடக்க வேண்டியிருந்தது.

70 சதவீதம் இல்லாதவருக்கு

இதைப் படிக்கும் யாரும் ஒரு கம்பெனியில் 70 சதவீதம் வாங்கப் போவதில்லை, ஹாரி பாட்டிலை அனுப்பப் போவதுமில்லை. அப்படியானால் இந்தக் கணக்கு நமக்கு எதற்கு?

டெம்ப்ஸ்டரின் சாதாரணப் பங்குதாரர் ஒருவரின் நிலையிலிருந்து பார்ப்போம். ஆரம்பத்தில் 16 டாலருக்கு வாங்கி, ஐந்து ஆண்டு வைத்திருந்து, 1961 ஆகஸ்டில் 30.25-க்கு பஃபெட்டிடமே விற்றிருந்தால், டிவிடெண்ட் எதையும் சேர்க்காமலே ஆண்டுக்குச் சுமார் 13.5 சதவீதம் வந்திருக்கும். நல்ல பலன். ஆனால் அந்த ஐந்து ஆண்டில் கம்பெனி ஒரு அடிகூட முன்னேறவில்லை. பலன் வந்தது, கம்பெனியையே வாங்க ஒருவர் வந்ததால்தான். வராமல் இருந்திருந்தால் அவர் கையில் இருந்திருப்பது லாபமில்லாத, கடன் கூடிய, யாரும் வாங்காத ஒரு பங்கு. 16 டாலர் விலை அவரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே கட்டுப்பாடு இல்லாதவர் முதலில் தேட வேண்டியது, பணத்தை வெளியே எடுக்கும் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். பெரும்பங்கு வைத்திருப்பவர் யார், அவருக்குச் சம்பளம் பெரிதா பங்கின் மதிப்பு பெரிதா? பஃபெட் முதலீடு செய்த இன்னொரு சிறிய கம்பெனியான, காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு நகர வரைபடங்கள் விற்றுவந்த சான்போர்ன் மேப் கம்பெனியில் இருந்த 14 இயக்குநர்களில் 9 பேர் காப்பீட்டுத் துறைப் பெருந்தலைகள். மொத்தப் பங்குகள் 1,05,000. அந்த ஒன்பது பேரிடமும் சேர்த்து இருந்தது 46. அங்கே 1958-ல் பங்கு விலை 45 டாலர், கம்பெனி வைத்திருந்த முதலீடுகள் மட்டும் பங்குக்கு 65 டாலர். வரைபடத் தொழிலுக்குச் சந்தை போட்ட விலை மைனஸ் 20 டாலர். இப்படிப்பட்ட விலை ஆண்டுக்கணக்கில் நின்றதற்கு, அதைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லாததே காரணம் என்பது என் எண்ணம். ஆண்டறிக்கையிலோ பங்குதாரர் கூட்ட அறிவிப்பிலோ இயக்குநர்களின் பங்கு எண்ணிக்கை வழக்கமாகப் போட்டிருக்கும். லாப நட்டக் கணக்கைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவது நல்ல பழக்கம்.

அப்புறம் சரக்கு. பத்து ஆண்டு ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்து, விற்பனைக்கும் சரக்குக்கும் உள்ள விகிதத்தை எழுதிப் பாருங்கள். விற்பனை அப்படியே இருக்க, சரக்கு மட்டும் வீங்கிக்கொண்டே போனால், புத்தக மதிப்பின் ஒவ்வொரு ரூபாயையும் டாலரையும் சந்தேகத்தோடு தொட வேண்டும். டெம்ப்ஸ்டரைப் போல ஒரே வரி மதிப்பு முழுவதையும் சுமந்தால், அந்த வரியை 60, 50, 40 என்று இறக்கிப் பார்த்து, எந்த இடத்தில் நம் வாங்கிய விலை உடைகிறது என்று குறித்து வைக்க வேண்டும். 50-லேயே உடைந்தால், அந்த கம்பெனியில் பஃபெட் போட்டது போல 21 சதவீதம் போடும் தகுதி நமக்கு இல்லை. அவரிடம் உடைவதைத் தடுக்கும் அதிகாரம் இருந்தது. அதிகாரம் இல்லாதவர் அதே அளவு பாதுகாப்பை விலையில்தான் பெற வேண்டும்: அவர் 30 கொடுத்த இடத்தில் நாம் 16-க்கோ 20-க்கோ காத்திருக்க வேண்டும், அல்லது ரொக்கமும் வசூலாகும் பாக்கியும் மட்டுமே கடனைத் தாண்டி நிற்கும் கம்பெனியாகத் தேட வேண்டும்.

இன்னொன்று, மாற்றம் ஆரம்பித்த பிறகு வாங்குவது. 1962 நவம்பர் கணக்கைக் கையில் வைத்திருந்த ஒரு வெளியாளுக்கு, சரக்கு குறைந்தது, கடன் தீர்ந்தது, முதலீடுகள் முளைத்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். லாப நட்டக் கணக்கு மட்டும் அழுதுகொண்டிருந்திருக்கும். மிகச் சிறிய கம்பெனிகளில் யாரும் பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பதில்லை என்பதால், இந்த நிலையிலும் பங்கு பழைய விலையிலேயே கிடைப்பதுண்டு. முதல் 16 டாலரைத் தவறவிட்டவர் இங்கே 35, 40 கொடுத்து வாங்கினாலும், 1961-ல் 30 கொடுத்தவரைவிட அவருக்கு ஆபத்து குறைவு.